சிரிக்கச் சொன்ன கடைக்காரன்

1

போன வாரம் எனக்கு ஒரு பலகை கொடுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி, தொட்டால் பிளாஸ்டிக். கனடாவில், கால்கரி நகரத்தில், நான் வேலை பார்க்கும் இசைக்கருவிக் கடையில் பத்து ஆண்டுகளை முடித்ததற்காக அதில் ஒரு வரி. வாடிக்கையாளரை முகம் மலர வரவேற்பதில் கிளைக்கே முன்மாதிரியாக விளங்குவதற்காக இன்னொரு வரி. கீழே என் பெயர்: டேவ். தட்சிணாமூர்த்தி என்று எழுதப் பலகையில் இடமில்லை. மேலாளரின் வாயிலும் இடமில்லை. இப்போதெல்லாம் மனைவி முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறேன்.

கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள், நானும் பற்களைக் காட்டினேன். ஆனால் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே மாட்டுவது என்று தெரியாமல் இன்னும் காரின் பின்சீட்டிலேயே வைத்திருக்கிறேன். காரணம் இதுதான். இரண்டு மாதங்களுக்கு முன் விடுமுறையில் சொந்த ஊரான செஞ்சிக்குப் போயிருந்தபோது, ஒரு காலை வேளை என் தம்பியின் கடையை நான் பார்த்துக்கொண்டேன். அன்று நான் நடந்துகொண்ட விதத்தை இந்த மேலாளர் பார்த்திருந்தால் பலகையைப் பிடுங்கியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, இன்னொரு பலகை கொடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. என் கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

2

எங்கள் கடை ஒரு கடை அல்ல, ஒரே மாதிரியான பல கடைகளில் ஒன்று. எந்த ஊர்க் கிளைக்குள் நுழைந்தாலும் இடது பக்கம் கிதார், வலது பக்கம் கீபோர்டு, நடுவில் சிரிக்கும் ஒரு ஆள். இங்கே அந்த ஆள் நான்.

சிரிப்புக்குப் பயிற்சி உண்டு. உள்ளே வருகிறவர் தயங்கினால் தயக்கத்தைப் போக்கவேண்டும். கேட்டதோடு கேட்காத ஒன்றையும் காட்டவேண்டும். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்காமல் விடக் கூடாது. முக்கியமாக, வந்தவரை இன்னொரு ஊழியரிடம் தள்ளிவிடக் கூடாது. ‘அவர் உன்னுடையவர்’ என்பது எங்கள் கடையின் வேதவாக்கு. அவ்வப்போது வாடிக்கையாளர் வேடத்தில் தலைமையகத்தின் ஆள் ஒருவர் வந்து எங்களுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார். அவர் யாரென்று தெரியாது என்பதால் எல்லாரையும் அவராகவே பாவித்துச் சிரிப்போம். எங்கும் நிறைந்த பரம்பொருளைக் கண்டுகொள்ள எனக்கு இத்தனை தூரம் வரவேண்டியிருந்தது.

திருப்பித் தருகிறவர்களிடம்கூடச் சிரிக்கவேண்டும். வெள்ளிக்கிழமை கிதார் வாங்கிப்போனவர், விருந்தில் அதைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துவிட்டு, திங்கட்கிழமை கொண்டுவந்து நீட்டுவார். கிதாரின் முதுகில் கேக் ஒட்டியிருக்கும். ஏன் என்று கேட்கக் கூடாது. நான் துடைத்து வாங்கி வைத்துக்கொண்டு, ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா’ என்பேன்.

செஞ்சிக்காரன் இந்த வேலைக்கு எப்படி வந்தான் என்று கேட்பவர்களுக்காக: நான் வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு, திண்டிவனத்தில் கல்லூரி வாத்தியாராக இருந்தவன். இங்கே வந்ததும் என் பட்டங்களை எடைபோட ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் பல மாதங்கள் ஆராய்ந்து, இவர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகும் ஏதோ படித்திருக்கிறார் என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். ஏதோ படித்தவனுக்குக் கிதார் கம்பி விற்கும் வேலை கிடைத்தது. குறை சொல்லவில்லை. அந்தக் கம்பிதான் என் மகளைப் பல்கலைக்கழகம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது.

அந்த மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: “அப்பா, நீங்க எங்ககிட்டயும் கடைக் குரலில் பேசுறீங்க. குழம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, பதிலுக்கு முன்னாடியே சந்தோஷப்படுறீங்க.” நான் சிரித்தேன். “பார்த்தீங்களா, இதைத்தான் சொல்றேன்” என்று தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இந்த ஊரில் பிள்ளைகள் விலகிப்போகிறார்கள் என்று புலம்பாத நம்மவர் இல்லை. எதைப் பார்த்து விலகுகிறார்கள் என்று எனக்கு அன்று கொஞ்சம் விளங்கியது. விளங்கியதை அப்படியே வைத்துவிட்டு, தட்டு கழுவப் போனேன்.

3

என் தம்பி செல்வத்தின் கடை செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிறது. மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், ஜால்ரா, பள்ளிக்கூட விழாக்களுக்கான பேண்டு சாமான்கள், மூலையில் இரண்டு கீபோர்டு. பெரும்பாலும் பழுது பார்க்கும் வேலை.

சின்னக் கடை என்றதும் கண்கலங்கும் ரகமல்ல நான். செல்வம் யாரையும் வரவேற்க மாட்டான். வந்தவர் நின்றுகொண்டே இருப்பார், இவன் தோலைத் தட்டிக் காது வைத்துக்கொண்டே இருப்பான். ஒருமுறை ஒரு டீச்சர் கீபோர்டு கேட்டு வந்தார். “யாருக்கு?” என்றான் தலை நிமிராமல்.

“பையனுக்கு.”

“பையன் கேட்டானா, நீங்க கேக்கறீங்களா?”

“இன்னாங்க இப்டி கேக்கறீங்க, நல்லதுக்குத்தானே…”

“அவன கூட்டிட்டு வாங்க. அவன் தொட்டுப் பாத்துட்டு சொல்லட்டும்.”

டீச்சர் போனவர் போனவர்தான். தவிர, வேலைக்கு வந்த பொருளை இவன் சொன்ன நாளில் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. எதைக் கேட்டாலும் ‘நாளைக்கு ஆயிடும்’ என்பான். அந்த நாளை ஒரு மாதம் நீளும்.

நான் கால்கரியிலிருந்து வாட்ஸப்பில் அவனுக்கு வாடிக்கையாளர் சேவை பற்றி வகுப்பெடுப்பது வழக்கம். ஆடியோவாக அனுப்புவேன், அவன் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவான். இந்த விடுமுறையில் நேரில் போனதும் சீர்திருத்தங்களை ஆரம்பித்தேன். பொருள் வாங்குகிறவரை அந்தப் பொருளோடு நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி, படம் எடுத்துக் கடையின் ஸ்டேட்டஸில் போடுவது முதல் சீர்திருத்தம். எங்கள் கிளையில் இதற்கென்றே ஒரு சுவர் உண்டு.

செல்வம் படங்களைப் பார்த்தான். “எல்லாம் பொண்ணு பாக்க வந்த மாதிரி நின்னுனு இருக்குது” என்றான்.

பக்கத்து டீக்கடை அஞ்சலை அக்கா, சிறுவயதிலிருந்து என்னைத் தெரிந்தவர், கரண்டியை நீட்டிச் சிரித்தார். “அவுரு ஊர்ல டீ குடிச்சா கூட போட்டோ புடிப்பாங்களாம். உடுடா செல்வம், ரெண்டு வாரத்துல பிளேன் ஏறிடுவாரு.”

4

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சரக்கு எடுக்கத் திண்டிவனம் போகவேண்டியிருந்தது. செல்வம் சாவியை என்னிடம் கொடுத்தான்.

“யாராச்சும் வந்தா குந்த சொல்லு ண்ணா. அவசரம்னா எனக்கு போன் போடு. நீ ஒண்ணும் பேச வேணாம்.”

கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. உலகத் தரத்தில் பேசப் பயிற்சி பெற்றவனிடம் பேசாதே என்கிறான். அவன் வண்டி திரும்பியதும் வாசலில் தண்ணீர் தெளித்தேன், ஊதுவத்தி ஏற்றினேன், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. நாற்பது வயதைத் தாண்டியவர். இறங்கி வந்து, கடைப் படிக்குக் கீழே ரோட்டிலேயே நின்றார்.

“செல்வம் இல்லீங்களா?”

“வாங்க வாங்க, உள்ள வாங்க!”

“இல்லீங்க, இருக்கட்டும். ஒரு மிருதங்கம் வேணும்.”

“தாராளமா! வெயில்ல ஏன் நிக்கறீங்க, உள்ள வந்து உக்காருங்க.”

அவர் அசையவில்லை. தயக்கம் என்று முடிவு செய்தேன். படியிறங்கிப் போய், அவர் முழங்கையைப் பிடித்து, செல்லமாக உள்ளே இழுத்தேன். அவர் கையை உருவிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். கூச்ச சுபாவம் என்று மேலும் முடிவு செய்தேன். சரி, வாடிக்கையாளர் வராவிட்டால் கடை அவரிடம் போகட்டும் என்று மூன்று மிருதங்கங்களைத் தூக்கிவந்து படியில் வரிசையாக வைத்தேன். விலை கூடியது முதலில், குறைந்தது கடைசியில். இதற்கும் பயிற்சி உண்டு.

“இது பலா மரம். இது கச்சேரிக்கே போகும். கத்துக்கறவங்களுக்கா, வாசிக்கறவங்களுக்கா?”

“எதுனா ஒண்ணு குடுங்க. எங்க நைனா…” என்று அவர் ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது மிருதங்கத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் சொன்ன மிச்சம் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது.

“நாதம் பாத்தீங்களா! இதோட உறை ஒண்ணு எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும். ஜால்ரா வேணுமா? புதுசா வந்திருக்கு.”

“செல்வத்துக்கு ஒரு போன் போடுங்க. அவருக்குத் தெரியும்.”

‘அவர் உன்னுடையவர்’ என்ற வேதவாக்கு எனக்குள் எழுந்து நின்றது. “எதுக்கு சார் போன்? நானே பாத்துக்கறேன். உங்க பேரு?”

“ஏழுமலை.”

“நம்பர் சொல்லுங்க சார். ஆஃபர் வந்தா மெசேஜ் வரும்.”

எண்ணைச் சொன்னார். பாதியில் மறந்து நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னார். கடைசி மிருதங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் போனை உயர்த்தினேன்.

“ஒரே ஒரு போட்டோ. அப்டியே நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க.”

படம் எடுத்தும் விட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால் பரவாயில்லை, அதற்கும் எங்களுக்குப் பயிற்சி உண்டு. இது, ஒரு மனிதன் பேசுகிறானா அல்லது ஒலிபெருக்கியா என்று யோசிக்கும் பார்வை. குனிந்து, மிருதங்கத்தைப் படியின் மேல் மெல்ல வைத்தார், உருண்டுவிடாமல் ஒரு கையால் நிறுத்தினார். பைக்கை எடுத்துக்கொண்டு வல்லம் பக்கம் போய்விட்டார்.

“இன்னாப்பா நீ!” என்று அஞ்சலை அக்கா டீக்கடையிலிருந்து கத்தினார். “சாவு வூட்டுலருந்து வந்த ஆள போயி ஈன்னு இளிக்க சொல்ற!”

“சாவு வீடா? அவர் சொல்லவே இல்லையே!”

“சொல்ல உட்டியா? வாய மூடாம ஏலம் போடறவனாட்டம் கத்தினு இருந்த. படியேறாம நிக்கறாரே, கண்ணு தெரியல?”

போனில் இருந்த படத்தைப் பார்த்தேன். நேரில் நான் பார்க்காததெல்லாம் அதில் இருந்தது. செருப்பில்லாத கால். இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டு. பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. தூங்காத, அழுது முடித்த கண்.

எனக்குத் தெரியாத வழக்கம் என்றால் மன்னித்துவிடலாம். செஞ்சியில் பிறந்து வளர்ந்தவன் நான். சாவுச் செய்தியோடு வருகிறவர் படியேற மாட்டார், உட்கார மாட்டார், அவரை ‘வாங்க’ என்று கூப்பிடவும் கூடாது. கேட்டதைக் கொடுத்துப் பேசாமல் அனுப்பவேண்டும், மற்றதெல்லாம் காரியம் முடிந்த பிறகு. இது அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அன்று படியில் நின்றவன் தட்சிணாமூர்த்தி இல்லை, டேவ்.

5

செல்வத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் குறைத்துத்தான். மிச்சத்தை அஞ்சலை அக்கா கூட்டிச் சொன்னார். படத்தைக் காட்டினேன். செல்வம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“கோதண்டம் பெரியவரு புள்ள இது. அவருதான் செத்துட்டாரா?”

கோதண்டம் யாரென்று கேட்டேன். வல்லத்துக்குப் பக்கத்து ஊர் பஜனைக் கோயிலில் மிருதங்கம் வாசிக்கிறவர். அந்த ஊரில் யார் செத்தாலும் பஜனைக்காரர்கள் பாடிக்கொண்டே முன்னால் போவார்கள். வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரைக்கும் கோதண்டத்தின் மிருதங்கம் கூடவே போகும். அவர் வாசிக்காமல் அந்த ஊரில் ஒரு பிணமும் தெருவைத் தாண்டியதில்லை.

“அவரு மிருதங்கம் எங்க?” என்றேன்.

செல்வம் பரணைக் கையால் காட்டினான். ஒரு பக்கத் தோலைப் பிரித்துப் போட்டபடி அது அங்கே கிடந்தது. மழையில் தோல் கெட்டுப்போய் வேலைக்கு வந்தது. எத்தனையோ ‘நாளைக்கு’ அதன் மேல் தூசியாக இருந்தது. கோதண்டம் இரண்டு தடவை நேரில் வந்து கேட்டுவிட்டுப் போனாராம்.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முறையில் வாடிக்கையாளரைக் கவனித்திருந்தோம்.

ஏழுமலை படியில் வைத்துவிட்டுப் போன புது மிருதங்கத்தைச் செல்வம் எடுத்து என் கையில் கொடுத்தான். “ஏறு வண்டில.”

“நானும் வரணுமா?”

“பின்ன? நீ உட்டத நான் போயி குடுக்கறதா?”

வழியெல்லாம் வேர்க்கடலைக் கொல்லை. பைக்கின் பின்னால் மிருதங்கத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வருத்தப்படும் வாடிக்கையாளருக்கு எங்கள் கடையில் ஒரு வரிசை உண்டு: முதலில் கேள், பிறகு வருந்து, பிறகு ஈடு செய். அவன் காதருகில் சொன்னேன், “போனதும் முதல்ல நான் ஒரு சாரி சொல்லிடறேன்.”

“சாரியும் வேணாம் பூரியும் வேணாம். வாய மூடினு வா ண்ணா. உன் கால்ல உழறேன்.”

வீட்டுக்குப் போனபோது வாசல் ஈரமாக இருந்தது. பந்தலில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். ஒரு அம்மா செல்வத்தைப் பார்த்ததும், “எடுத்துட்டாங்கடா. ஏரிக்கர திரும்பியிருப்பாங்க” என்றார். பிறகு என் மடியிலிருந்த மிருதங்கத்தைப் பார்த்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஏரிக்கரையில் அவர்களைப் பிடித்தோம். முன்னால் பஜனைக்காரர்கள் ஜால்ரா தட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு நடுவே ஒருவர் எண்ணெய் டின்னைக் கழுத்தில் துண்டால் கட்டித் தொங்கவிட்டு, விரலால் தட்டிக்கொண்டு நடந்தார். நன்றாகத்தான் தட்டினார். தாளம் தப்பவில்லை. ஆனால் டின் டின்தான். வீட்டு வாசல், தெரு, பஜனைக் கோயில் முனை, இத்தனையையும் கோதண்டம் அந்தச் சத்தத்தோடுதான் தாண்டி வந்திருக்கிறார்.

நான் ஓடிப்போய் மிருதங்கத்தை நீட்டினேன். பாட்டு நிற்கவில்லை. டின் வாசித்தவர் நடந்துகொண்டே துண்டை அவிழ்த்தார், டின்னை என் கையில் திணித்தார், மிருதங்கத்தை மாட்டிக்கொண்டார். சுருதி சேர்க்க நேரமில்லை, அப்படியே வாசித்தார். செல்வம் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தோடு நடந்தான். நான் எண்ணெய் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசியில் நடந்தேன். சுடுகாட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

6

எல்லாம் முடிந்தது. ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். ஒதுங்கி நின்ற என்னை ஏழுமலை பார்த்துவிட்டார். மொட்டைத் தலை, ஈர வேட்டி. நேராக என்னிடம் வந்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். திட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும் அல்லவா.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“காலைல உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேங்க. நீங்க அவ்ளோ தூரம் எடுத்து எடுத்து காட்னீங்க. எனக்கு வாய் வரல. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க.”

செல்வம் எனக்குப் பின்னால் இருமினான். பேசாதே என்று அர்த்தம். எனக்கும் தெரியும், இங்கே பேசக் கூடாது, பிடித்த கையைப் பிடித்தபடி நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

“பரவாயில்லைங்க” என்றேன்.

சொன்னபோது முகத்தில் அந்தச் சிரிப்பும் வந்துவிட்டது. அப்பனை எரித்துவிட்டு வந்த மனிதனை நான் மன்னித்துவிட்டேன். அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, குளிக்க ஏரிப் பக்கம் போனார்.